கடைசியாகப் பேச வேண்டியவன்

விண்வெளிப் படங்களைப் பற்றிக் கதைப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வீடியோக் கசெட்டைத் தெரிவு செய்தவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். மற்றவர்கள் படத்தை எவ்வளவு திட்டினாலும், எவ்வளவு பிழையாக விளங்கிக்கொண்டாலும், அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பொறுமையாக இருக்க வேண்டும். ஆனால் அவர் பேசி முடித்த பிறகு ஒருவரும் மறுத்துப் பேசக்கூடாது. சட்டத்தைப் போட்டவன் நான்தான். பொறுமை இல்லாதவனும் நான்தான். அதனால் நான் படம் தெரிவு செய்யும் ஞாயிற்றுக்கிழமைகள் மற்ற இருவருக்கும் நல்ல கொண்டாட்டம்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியாக, எங்கள் வாடகை அனெக்ஸ் இருந்தது. கொட்டாஞ்சேனை வீடு இனக் கலவரத்தோடு போன பிறகு அம்மாவும் நானும் அங்கே வந்து ஒதுங்கியிருந்தோம். எங்கள் படச் சபையின் மற்ற இருவரில் ஒருவர் நானா. பாமன்கடைச் சந்திக்குக் கிட்ட வீடியோக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர்; அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன். கடையின் முன்பக்கம் முழுக்கப் புதுத் தமிழ்ப் படங்கள். பின்பக்கத்து இறாக்கையில் பழைய ஆங்கில விஞ்ஞானப் படங்கள் தூசி பிடித்துக் கிடக்கும். அவற்றை வாங்கிப் போட்டவரும் அவர்தான், பார்ப்பவரும் அவர்தான். ஒரு நாள் நான் போய்க் கேட்டதும், பெண் பார்க்க வந்தவனைப் போல என்னை உட்கார வைத்து உபசரித்தார்.

மற்றவன் என் மச்சான், அம்மாவின் தம்பி மகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தான். பௌதிகம் படித்தவன். அங்கே கரண்ட் இல்லாமல் போய்ப் பல காலம். வந்த முதல் நாள் சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்து, அம்மாவிடம் ஏச்சு வாங்கினான். அதன் பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் போட்ட பாயை அவன் சுருட்டவே இல்லை.

அவன் வந்த பிறகுதான் எங்கள் பேச்சுக்கு ஒரு தரம் வந்தது. நானும் நானாவும் அதுவரை பறக்கும் தட்டைத் தூக்கிப் பிடித்த நூல் தெரிகிறதா என்று பார்த்துச் சிரிப்பவர்கள். அவன் சிரிக்க மாட்டான். கையில் காசில்லாத இயக்குநர்கள்தான் வேற்றுக்கிரகத்தைச் சரியாகக் காட்டினார்கள் என்பான். பூதத்தைக் காட்ட வழியில்லாதபடியால், பூதத்தைக் கண்டவனின் முகத்தைக் காட்டினார்கள். நாங்கள் பயந்தது அந்த முகத்துக்குத்தான் என்பான். பழைய படங்களில் விண்வெளி அமைதியாக இருக்கும், உடுப்புக்குள்ளே மனிதன் மூச்சு விடுவது கேட்கும். பின்னால் வந்தவற்றில் எல்லாமே வெடிக்கும்.

"வெடிச் சத்தம் கேக்கவே நான் கொழும்புக்கு வந்தனான்?" என்று அவன் ஒரு நாள் கேட்டபோது நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் வடக்கை விட்டு வெளியே வருவதற்கு, அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். வருகிறவனுக்காக ஒருவர் அங்கேயே பிணை நிற்க வேண்டும். போனவன் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். மச்சானுக்குப் பிணை நின்றவர் அவனுடைய தகப்பன், என் மாமா. வைத்தியம் என்று சொல்லிப் பாஸ் எடுத்துக் கொடுத்து, பஸ் ஏறும்போது காதுக்குள் சொன்னாராம்: "கனடாவுக்குப் போ. இஞ்சால திரும்பிப் பார்க்காதை." மகன் போய்த் தப்ப வேண்டும் என்பது தகப்பனின் ஆசை. தான் தப்பினால் தகப்பன் மாட்டுவார் என்பது மகனின் பயம். பாஸ் முடிந்துகொண்டு வந்தது. கனடாவுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிறு படம் தெரிவு செய்யும் முறை மச்சானுக்கு. நானாவின் இறாக்கையில் அடியில் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வந்தான். அதில் நடித்தவர்கள் ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. கதை சின்னது. செத்துப்போன ஒரு கிரகத்தில் ஒரு தளம். அங்கே இருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவன் சின்னக் கப்பலில் உதவி தேடிப் போக வேண்டும். மற்றவர், வயது போன இயந்திரக்காரர், தளத்தில் ஒரு கதிரையில் இருந்து ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவர் பிடித்திருக்கும் வரைக்கும் தளத்தின் கதவு திறந்திருக்கும், வாசலில் ஒரு விளக்கு எரியும். கையை எடுத்தால் விளக்கு அணையும், கதவு பூட்டிவிடும், பிறகு வெளியிலிருந்து திறக்க முடியாது. போனவனுக்கு உதவி கிடைக்கவில்லை. ஆனால் நேரே பூமிக்குப் போய்விடும் அளவுக்கு எண்ணெய் இருக்கிறது. ஒரு கண்ணாடியில் பூமி தெரிகிறது, மறு கண்ணாடியில் தூரத்து விளக்கு தெரிகிறது. அவன் கப்பலைத் திருப்புகிறான். போய்ச் சேர்ந்தானா என்று காட்டாமல் படம் முடிந்துவிடுகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விசையை ஒரு சணல் கயிறால கட்டிவிட்டா விஷயம் முடிஞ்சுது. ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போயிருக்கலாம். விண்வெளிக்குப் போற அறிவு இருக்கு, ஒரு முடிச்சுப் போடத் தெரியேல்லையோ?"

நானா தலையை ஆட்டினார். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. கப்பல் போனதுக்குப் பொறகு அந்த மனுசன்ட மொகத்த ஒரு தரமாவது காட்டினானா? கைய மட்டுந்தானே காட்டுறான். இந்தப் படத்துல ஹீரோ கப்பல்ல போறவன் இல்ல. கதிரைல குந்தியிரிக்கிறவர்தான்."

நானா சொன்ன பிறகுதான் எனக்கும் அது பிடிபட்டது. படம் முழுக்க அந்தக் கை வந்துகொண்டே இருந்தது. முதலில் இறுக்கமாக, பிறகு நடுங்கிக்கொண்டு, பிறகு மற்றக் கையையும் மேலே வைத்துக்கொண்டு. நாளும் கிழமையும் சொல்லாமல் காலம் போவதைக் கையாலேயே காட்டியிருந்தான் அந்த இயக்குநர். இதை மச்சான் கட்டாயம் சொல்வான் என்று அவனைப் பார்த்தேன். சட்டப்படி அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

குசினி வாசலில் நின்ற அம்மா வழக்கத்துக்கு மாறாக ஒரு வார்த்தை சொன்னா. "அந்தப் பெடியன் பூமிக்குப் போயிருக்கலாம்." அது படத்தைப் பற்றியதல்ல என்று எங்களுக்கு விளங்கியது.

இனி மச்சானின் முறை. அவன் வாய் திறப்பதற்குள் மேல் வீட்டுக்காரி, சிங்கள நோனா, மாடிப்படியில் நின்று, "மல்லி, டெலிபோன்!" என்று அவனைத் தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டா. ஏஜென்சிக்காரன்தான். எல்லாம் சரி, புதன்கிழமை ஆயத்தமாக இருக்கச் சொன்னான். அம்மா மச்சானைக் கட்டிப்பிடித்து அழுதா. நானா அவன் முதுகில் தட்டினார். படத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். அவன் மட்டும், "நான் இன்னும் கதைக்கேல்ல. என்ர முறை இருக்கு, ஞாபகம் வையுங்கோ" என்றான்.

செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வந்தபோது அவன் இல்லை. சாமான் வாங்க நுகேகொடைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இருட்டியும் வரவில்லை. பொலிஸ் பிடித்துவிட்டதோ என்று நான் ஸ்டேஷனுக்கு ஓட, அம்மா சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டா. அங்கே அவன் இல்லை என்று அறிந்து திரும்பி வந்து பார்த்தால், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அவனுடைய பாஸ்போர்ட் இருந்தது. பாய் சுருட்டி வைத்திருந்தது. அந்தப் பாயைப் பார்த்ததும் அவன் எங்கே போகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

வீடியோ டெக்கில் அந்தக் கசெட் இன்னும் இருந்தது. மச்சான் எப்போதும் கசெட்டை முதலுக்குச் சுற்றித்தான் கொடுப்பான், அதில் நானாவுக்கு அவன் மீது தனி மரியாதை. இந்த முறை சுற்றவில்லை. போட்டுப் பார்த்தேன். நடுங்கும் கைக்கு மேல் மற்றக் கையை வைக்கும் இடத்தில் நின்றது.

வவுனியாவுக்கு ரயிலில் போய், பிறகு சைக்கிளிலும் வள்ளத்திலுமாக அவன் வீடு சேர்ந்துவிட்டான் என்று, அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லி அறிந்தோம். மாமா பிணையிலிருந்து விடுபட்டார். அதன் பிறகு மகனுக்குப் பாஸ் கிடைக்கவே இல்லை. அடுத்த வருஷம் விமானம் போட்ட குண்டு அவர்கள் ஒழுங்கையில் விழுந்தது. மாமா கடைக்குப் போயிருந்தார். மச்சான் வீட்டில் இருந்தான்.

செய்தி வந்த அன்று எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. வந்த வழியே திரும்பிப் போன மடையன் என்று அவனைத் திட்டினேன். தகப்பன் சொன்னதைக் கேட்டிருந்தால் கனடாவில் குளிருக்கு நடுங்கிக்கொண்டாவது இருந்திருப்பானே என்று சுவரில் குத்தினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவனில்லாமல் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றுவிட்டன. நானா அந்தக் கசெட்டைப் பிறகு ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து மாமா கொழும்புக்கு வந்தார். பாதியாக வற்றிப்போயிருந்தார். ஒரு பின்னேரம் தானாகவே கேட்டார்: "அவன் கடைசியா ஒரு படம் பார்த்தவனாம். அதைப் பற்றிக் கதைக்க ஏலாமல் வந்திட்டன் எண்டு அடிக்கடி சொல்லுவான். என்ன படம் தம்பி அது?"

ஞாயிற்றுக்கிழமை நானா கசெட்டோடு வந்தார். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. படம் ஓட ஓட நான் கதையைத் தமிழில் சொன்னேன். திரையில் அந்தக் கை நடுங்கத் தொடங்கியபோது மட்டும் அவர் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இருந்தார். படம் முடிந்தது. நான் கயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"நாங்க எல்லாம் அண்டைக்கே பேசிட்டோம்" என்றார் நானா மெதுவாக. "மகன்ட முறை மட்டும் இன்னும் இரிக்கி." பிறகு எங்கள் சட்டத்தை மாமாவுக்கு விளங்கப்படுத்தினார்.

மாமா படம் ஓடி முடிந்த திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த லைற் அணைஞ்சிருந்தா, போனவன் என்ன செய்திருப்பான்?"

"கதவு பூட்டிட்டுது எண்டு நினைச்சுத் தன்ர ஊருக்குப் போயிருப்பான், மாமா."

"அப்ப அவன்ர முறையை நான் கதைக்கட்டே?"

நானா தலையை ஆட்டினார்.

"அந்தாள் கையை எடுத்திருக்க வேணும்" என்றார் மாமா.

எங்கள் சட்டப்படி அதற்குப் பிறகு ஒருவரும் பேசக்கூடாது. நாங்கள் பேசவில்லை.