ஒரு ராஜா, இரண்டு கொடி

சிவப்பு, வெள்ளை, நீலம். அதில் நீலம் மட்டும் வெளிறியிருந்தது. ரங்கூனில் நாங்கள் வேலை பார்த்த ஹோட்டலுக்கு லக்சம்பர்க் தூதுக்குழு வரவிருந்தபோது, முன்கூட்டியே வந்து சேர்ந்த கொடி அது. விருந்து ஏற்பாடுகள் எல்லாம், நான் அக்கா என்று கூப்பிடும் என் மேலதிகாரியின் பொறுப்பு. எங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் எந்தத் துணிதான் வெளுக்காது? வெளுத்த கொடியை விருந்தாளிக்குக் கட்டுவதா என்று மனம் பொறுக்காமல், லத்தா கடைத்தெருவில் நல்ல அடர்நீலத் துணி வாங்கி, புதிதாகவே தைத்துக் கட்டிவிட்டாள்.

வயதான தூதர் அண்ணாந்து பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெளிர்நீலம்தான் அவர்கள் கொடி, அடர்நீலம் என்றால் அது நெதர்லாந்துக் கொடியாம். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவர் அவளை உட்காரவைத்து ஒரு கதை சொன்னார். நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு காலத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. அவர் இறந்தபோது மிஞ்சியது ஒரே மகள். நெதர்லாந்து அவளை ராணியாக ஏற்றது. லக்சம்பர்க்கிலோ ஆண் வாரிசுக்குத்தான் பட்டம் என்று பழைய ஒப்பந்தம். தூரத்து உறவுக்காரர் ஒருவர் வந்து அமர்ந்தார்.

அக்காவும் அவள் அப்பாவுக்கு ஒரே மகள். ரங்கூனின் அலோன் பேட்டைக் கோயில் திருவிழாவில் அப்பா தலையில் கட்டிய பரிவட்டம், அவர் காலத்துக்குப் பின் சித்தப்பா மகனுக்குப் போய்விட்டது. அந்தக் கோபத்தில் அவள் கோயில் வாசலையே மிதிப்பதில்லை.

"அந்தப் பொண்ணு சும்மாவா இருந்துச்சு? சண்டை பிடிக்கலையான்னு சயாவக் கேளு" என்றாள். பெரியவர்களைப் பர்மிய வழக்கப்படி 'சயா' என்பது எங்கள் பழக்கம்.

யாரும் சண்டைக்குப் போகவில்லையாம். பிறகு லக்சம்பர்க்கிலும் பெண் வாரிசுகளே பிறக்க, சட்டத்தை மாற்றிப் பெண்ணையே அரியணையில் ஏற்றினார்களாம். நான் மலைத்துப்போனேன். கைப்பிடி மண்ணுக்கு ஊரே பற்றி எரியும் நாட்டில் இருந்துகொண்டு கேட்கிறேன்: ஒரு தேசம் தனியே பிரிந்துபோயிருக்கிறது, ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை!

அந்த ஆண்டு அக்கா கோயிலுக்குப் போனாள். பரிவட்டத்தோடு நின்ற தம்பியின் கையாலேயே திருநீறு வாங்கிக்கொண்டாள்.

இப்போது பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள் என்று பையன்களெல்லாம் ஊரைவிட்டுப் போகிறார்கள். தம்பியும் போய்விட்டான். வேறு ஆண் வாரிசு இல்லை. இந்தத் திருவிழாவில் பூசாரி தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார். "இந்த ஒரு வருசம் நீங்க கட்டிக்குங்கம்மா."

"இந்த ஒரு வருசம்னா வேணாம். இனிமே பொண்ணுங்களுக்கும் உண்டுன்னு சத்தமா சொல்லிட்டுக் கட்டுங்க."

பூசாரி சுற்றிலும் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அக்கா தலை குனியவில்லை. அவர்தான் எட்டிக் கட்ட வேண்டியிருந்தது.