இப்திகார் கொடுக்காத ஒரு சொட்டு

உக்குவளையில் இப்திகாரின் ஆராய்ச்சியைக் கேள்விப்படாத ஆள் யாராவது இருந்தால், அவர் இன்னும் அவன் கையில் மாட்டவில்லை என்று அர்த்தம். சலூனில், கோழிக்கடையில், பள்ளிவாசல் படியில் என்று பிடித்து நிறுத்திச் சொல்வான். புரதத்தில் குட்டிச் சீனி ஒன்றை இரசாயன முறையில் ஒட்டுவதுவரை அவன் கைவேலை. அதன்மேல் கிளைவிட்ட பெரிய சீனியையும் அதே முறையில் ஏற்றப்போனால் புரதம் நாசமாகிவிடும். அதை அலுங்காமல் ஒட்டித்தருவது நொதியம் என்கிற என்சைம்.

"அப்ப சீனி வருத்தத்துக்கு மருந்தா தம்பி?" என்பார் கோழிக்கடை நுஹ்மான் நானா.

"ஒங்களுக்கு விளங்காது நானா" என்று சலித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்குவான். கோழி வாங்க வந்தவர்கள்தான் பாவம்.

இவ்வளவும் ஊருக்கு. வீட்டில் மனைவி றிஸ்மியா கேட்டால், "ஒனக்கு விளங்காது" என்பதோடு சரி.

அந்த நொதியம் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இரக்கப்பட்டு அனுப்பியது. ஒரேயொரு சின்னக் குப்பி. கடைசிப் பரிசோதனை அதை நம்பித்தான் இருந்தது; அது இல்லையென்றால் பட்டமும் இல்லை. கூட ஆராய்ச்சி செய்யும் இந்திரகுமார் ஒரு சொட்டுக் கேட்டான். நம்ம ஆள் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன், கொடுப்பானா? ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் இந்திரகுமார் திருடிவிடுவான் என்ற பயத்தில், குப்பியை லேப்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"இது என்னங்க?"

"ஒனக்கு விளங்காது. பிரீசர்ல வை."

பெருநாளன்று பக்கத்து வீட்டு சாலிஹ் ஹாஜியார், பிரிட்ஜ் பழுதாகி, உழ்ஹிய்யா என்கிற குர்பானி இறைச்சிப் பைகளோடு வந்து நின்றார். ஊர் பார்க்கப் பெரிய மனுஷனாக இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

"நம்ம பிரீசர் என்னத்துக்கு இருக்கு ஹாஜியார்? கொண்டாங்க!" முன்னறையிலிருந்தே உள்ளே சத்தம் போட்டான். "றிஸ்மியா! உள்ள கிடக்கிறத எல்லாம் வெளிய எடு! இறைச்சிதான் முக்கியம்!"

அவள் எடுத்தாள்.

மறுநாள் பகல் பிரீசரைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை இறைச்சி. குப்பியைக் காணவில்லை.

"ஜன்னல்ல பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள் றிஸ்மியா.

வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்த ஜன்னல். தொட்டால் குப்பி சுட்டது. இப்திகார் கத்தினான்.

"அறிவிருக்கா? குளிர்லயே இருக்க வேண்டிய சாமான்!"

"அத ஒரு வார்த்தை சொன்னீங்களா? கோழிக்கடைக்கெல்லாம் விளங்கப்படுத்துனீங்க. எனக்குத்தான் விளங்காதே."

இப்திகாருக்கு அழுகைதான் வந்தது. வேறு வழியில்லாமல் இந்திரகுமாருக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், லேப்ல அந்த நொதியம் கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கா பாரு. ஏதாவது குழாயில ஒட்டினது இருந்தாலும் போதும்."



"எப்படிடா மிஞ்சும்? நான் கேட்ட சொட்ட அன்னைக்குக் குடுத்திருந்தீன்னா, இப்ப இங்க குளிர்ல இருந்திருக்கும்."