மூணு நாள் சண்டை இழுத்த அத்தர்

மீரான் மைதீன் பாய் மேல் எனக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு கோபம். அவரால் என் மனைவி மலர்கொடி என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

சுரங்க வாசலுக்கு எதிரே, ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்தில் பாய் அத்தர் விற்கிறார். ஒரு மேசை, ஒரு குடை, முப்பது சின்னக் குப்பிகள். காது மடலில் எந்நேரமும் ஒரு துண்டுப் பஞ்சு. பரங்கிப்பேட்டைக்காரர். இருபது வயதில் இங்கே கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை. "மூக்கை வச்சே பொழச்சிக்கலாம்னு இதுக்கு வந்துட்டேன்" என்பார்.

'வாங்குங்க' என்று அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. பஸ் ஏறுகிறவன் புறங்கையில் கண்ணாடிக் குச்சியால் ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான். மீதி வியாபாரத்தை அந்தக் கை வீட்டில் போய்ச் செய்துவிடும். இது என்ன வாசனை, எங்கே கிடைக்குது என்று வீட்டில் கேட்பார்கள். மறுநாள் அவனே வந்து குப்பி வாங்குவான்.

என் வீட்டில் அப்படி நடக்கவில்லை. அன்றைக்குக் குச்சியில் இருந்தது மல்லிகை. தலையெல்லாம் நிலக்கரித் தூசியோடு வருகிற ஆள் மேல் மல்லிகை மணந்தால் எவள் சும்மா இருப்பாள்?

"யாரு அவ?" என்றாள் மலர்கொடி.

"மீரான் பாய்."

"ஓகோ. பாய் மல்லிப்பூ வச்சிகினு வந்தாரா?"

உண்மையைச் சொன்னதற்குத்தான் அந்த மூன்று நாள். நாலாம் நாள் அவளே நிறுத்தத்துக்கு வந்தாள். பாய் அவள் கையிலும் ஒரு கோடு இழுத்தார். முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு குப்பியும் வாங்கிப் போனாள். சண்டை எனக்கு, வியாபாரம் அவருக்கு. கோபம் வராதா?

போன வருஷம் நிறுத்தத்துக்கு மேலேயே ஒரு பெரிய விளம்பர போர்டு வைத்தார்கள். ஒருவன் உடம்பில் ஸ்ப்ரே அடிக்கிறான், ஏழு பெண்கள் ஓடி வருகிறார்கள். எங்கள் ஷிப்டில் முதலில் வாங்கியவன் சிலம்பரசன். அவனைப் பார்த்து எல்லாரும் வாங்கினார்கள். பாயின் குச்சிக்குக் கை நீட்ட ஆள் இல்லை. ரம்ஜான் வரைக்கும் பார்ப்பேன், தேறாவிட்டால் கடையைக் கட்டிவிட்டுப் பண்ருட்டியில் மகள் ஹுமா வீட்டோடு போய்விடுவேன் என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டுமே.

"எத்தினி பொண்ணுங்கடா ஓடியாந்துச்சி?" என்று பாய் எதிரிலேயே சிலம்பரசனைக் கேட்டேன்.

"ஒரே ஒரு ஆடு வந்துச்சிண்ணே. அதுவும் தும்மிகினே ஓடிப்போச்சி."

நிறுத்தமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பாய்தான். சிரித்து முடித்துவிட்டு போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"ஏழு பேரு ஓடியாந்தது பொய். ஒருத்தி மூணு நாள் பேசாம இருந்தது நெசம். யோவ் கொளஞ்சி, நம்மளும் ஒரு போர்டு வைக்கலாமா?"

"பெயிண்டரைக் கூப்பிடுங்க பாய். நான் நாலாங்கிளாஸ்."

"அதான் வேணும். ஒன் கோணல் எழுத்தைப் பாத்தா எவனும் பொய்யின்னு சொல்ல மாட்டான்."

அட்டைப்பெட்டியைக் கிழித்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இந்த மல்லிகை அத்தரால் ஒருவர் வீட்டில் மூன்று நாள் சண்டை. பூசிக்கொள்கிறவர்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடவும்.'

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வாய்விட்டுப் படித்தார்கள். படித்தவன் எல்லாம் கையை நீட்டினான். ஒரு வாரத்தில், அது என்ன அப்பேர்ப்பட்ட அத்தர் என்று பெண்களே தேடி வந்தார்கள். சிலம்பரசன் இரண்டு குப்பி வாங்கினான், ஒன்று ஆட்டுக்கு என்றான். ரம்ஜான் வந்தது, போனது. பாய் அதே குடையின் கீழ்தான் உட்கார்ந்திருக்கிறார். பண்ருட்டிப் பேச்சையே காணோம்.

நேற்று பஸ் ஏறப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"யாரு அந்த ஆளுன்னு கேட்டு உசுர வாங்கறானுங்கய்யா. அட்டைக்குக் கீழ ஒம் பேரைப் போட்டுடு. மொதல்ல தங்கச்சி மலர்கொடிய ஒரு வார்த்தை கேட்டுகினு வா."