மூன்று முறை சொன்னார்

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் அக்கா. வாடகைக்கு வீடு பார்க்க வந்த இளம் தம்பதியர் வாசலிலேயே நிற்கிறார்கள். "உள்ள வாங்க. மொதல்ல குறையச் சொல்லிடுறேன். மழை பேஞ்சா சமையலறை ஜன்னல் உப்பிக்கும், ஒரு தள்ளு தள்ளணும். மேல் வீட்டுல நாற்காலி இழுத்தா இங்க கேக்கும். இதெல்லாம் சரின்னா மேற்கொண்டு பேசலாம்." தன் வீட்டின் பெருமையை அவர் பேசி நான் கேட்டதில்லை.

பள்ளி ஆய்வகத்தில் முப்பது வருடம் சோதனைக்குழாய் கழுவியவர். ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் ஒரே கட்டடத்தில் இரண்டு சின்ன வீடுகள் வாங்கினார். அவருடைய தோள்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்பேனர் இருக்கும். குடிவைக்குமுன் ஒவ்வோர் அறையையும் செல்போனில் படம் பிடித்து, வருகிறவருக்கே அனுப்பிவைப்பார். அவர்கள் முன்பு குடியிருந்த இடத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பார். ஒப்பந்தத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கமாட்டார். அதன்பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுகிற பழக்கம் கிடையாது. "சாவி குடுத்தாச்சுன்னா அது அவங்க வீடு. நான் விருந்தாளி." ஆனால் 'ஒழுகுது' என்று போன் வந்தால், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இந்தப் பதற்றம் கூடப் பிறந்ததல்ல.

முதலில் குடிவந்தவர் ஒரு தையல்காரர், மனைவியோடு. குளியலறைச் சுவரில் கசிவு, தரை வழுக்குகிறது என்று மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அக்காவின் பதில் ஒன்றுதான்: "பாக்கலாம் தம்பி, இப்ப என்ன அவசரம்?" வாங்கிய புதிது. வீடு என்று ஒன்று இருந்தால் போதும், வாடகை தானாக வந்துகொண்டிருக்கும் என்று நினைத்திருந்த காலம். நாலாவது முறை போன் செய்தது மனைவி. வழுக்கி விழுந்த தையல்காரர் வலது கையை ஊன்றியிருக்கிறார். முறிந்த மணிக்கட்டு எலும்பு பிறகு கூடியது; கத்தரிக்கோல் பிடிக்கும் பலம் திரும்பவில்லை.

அவர்கள் சண்டை போடவில்லை. வீட்டைப் பெருக்கித் துடைத்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. 'வரோம்க்கா'ன்னுட்டுப் போனாரு." மறுநாள் கொத்தனார் வந்து அரை நாளில் வேலையை முடித்தார். "அரை நாள் வேலை" என்று அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அந்தப் பேச்சு நகராது.

ஆறு வருடம் அந்தத் தையல்காரரின் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டே போனார். போன வாரம் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கடைக்குள்ளே நுழைந்தார். மனைவி துணி வெட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் பக்கத்தில் நின்று, எங்கே வெட்ட வேண்டும் என்று இடது விரலால் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, வாங்கக்கா! எப்படி இருக்கீங்க? வீட்டுக்கு நல்ல ஆளுங்களா வந்திருக்காங்களா?"

"தம்பி, அன்னிக்கே நான் ஒரு ஆளக் கூட்டிட்டு..."

"அட விடுங்கக்கா. மொதல்ல உக்காருங்க" என்றவர், நாற்காலியில் கிடந்த துணிக்கட்டை எடுக்க வலது கையை நீட்டினார்.

அக்கா முந்திக்கொண்டார். கட்டைத் தானே தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வைக்க இடமிருந்தும், கிளம்பும்வரை அதை மடியைவிட்டு இறக்கவில்லை.