லேத்துக்கு மை வைத்த மலர்க்கொடி மேடம்

மலர்க்கொடி இறந்துவிட்டாள் என்று அவர்களுடைய கணவர் போனில் சொன்னபோது, அரியலூர் பட்டறையில் இரும்பு கடையும் என் லேத் ஓடிக்கொண்டிருந்தது. "எந்த மலர்க்கொடிங்க?" என்று கேட்டேன். "எங்க வூட்டு மலர்க்கொடிதாண்ணே" என்றார். மெஷினை நிறுத்தினேன். அப்போதும் விளங்கவில்லை. முந்தின வாரம்தான் சிரித்துக்கொண்டே பட்டறைக்கு வந்து போனார்கள்.

பெரம்பலூர் இன்ஜினியரிங் காலேஜில் மேடத்திடம் படித்தவர்களும் கூட வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். இரும்பைக் கடையும்போது எவ்வளவு சூடேறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர்களுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அந்தக் கணக்கை அளந்து சரிபார்க்க என் லேத்தைத்தான் தேடி வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. இந்த வட்டாரத்து சிமெண்ட் ஆலைகளில் சுற்றுகிற தண்டுகளில் பாதி நான் கடைந்தவை. எட்டாவதோடு நின்றவன் என்றால் யாரும் நம்புவதில்லை.

துப்பாக்கி மாதிரி ஒரு மீட்டர் கொண்டுவந்தார்கள். தொடாமலே சூட்டைச் சொல்லும். கடைந்த தண்டுக்கு நேராகப் பிடித்தால், கணக்கில் வந்ததில் கால்வாசிகூடக் காட்டவில்லை. எத்தனை முறை பிடித்தாலும் அப்படியே. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கணக்கே தப்பு போலண்ணே. இத்தன வருஷ வேல. முடியலன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"மீட்டர் கெடக்குது மேடம், என் கை சொல்லும்" என்று விரலை வைத்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். மேடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விரலையே பார்த்தார்கள்.

"ஏண்ணே, மீட்டர் சொன்ன சூட்டுக்கு இப்படிப் பொத்துப்போவுமா?"

கைப்பையிலிருந்து கண்மையை எடுத்தார்கள். அடுத்த தண்டைக் கடைந்து நிறுத்தியதும், குச்சியால் அதன்மேல் கறுப்பாக ஒரு பொட்டு. மீட்டரைப் பொட்டுக்கு நேரே பிடித்தார்கள். எண் ஏறி, கணக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சூடு மையிலேருந்து வருதா மேடம்?"

"இல்லண்ணே, சூடு அதேதான். பளபளன்னு இருக்கறது தன் சூட்டக் காட்டிக்காது. மீட்டர் ஏமாந்துடும்."

தலையாட்டினேன். இன்றுவரை புரியவில்லை. இருந்தாலும், அந்த ஆராய்ச்சியைக் காப்பாற்றியது என் விரல்தான் என்று ஜெயங்கொண்டம் வரைக்கும் சொல்லிவிட்டேன். மேடம் காதுக்கும் போயிற்று. "உண்மைதானேண்ணே" என்று சிரித்தார்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. பரீட்சகர்கள் நேரில் கேள்வி கேட்கும் வைவா மட்டும் பாக்கி இருந்தது. துக்க வீட்டில் ஃபிளக்ஸ் கடைக்காரர் கேட்டார்: "பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுடவா?"

"போடுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் தடுத்தார். "வைவா நடக்கலையேண்ணே. அளந்து பாக்காத ஒண்ண அவ எழுதுனதே இல்ல."

எது சரி என்று இப்போதும் தெரியவில்லை. ஃபிளக்ஸில் வெறும் பெயர்தான் இருந்தது.

பட்டறையில் அவர்கள் பேச்சு வரும்போது நான் மட்டும் 'டாக்டரம்மா' என்கிறேன். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். சொல்லிவிட்டு, மேடம் வந்து திருத்துவார்கள் என்று கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.