சுகந்தி மேடமும் நான்கு விரற்கடையும்

போன வியாழக்கிழமை காலை மஞ்சக்குப்பம் மைதானத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். வினோதினி போன் செய்தாள். "மாமா, சுகந்தி மேடம் போயிட்டாங்க" என்றாள். அண்ணாமலை நகர் வீட்டில், விடியற்காலையில், தூக்கத்திலேயே. குழாயை அடைத்துவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் ஓடவும் தாண்டவும் வந்து, மேடத்திடம் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசியவர்கள். நீங்கள் பேசியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் பள்ளிக்கூடம் போகாதவன், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள்.

ஆடுகிற பிள்ளைகளின் மனசுப் பயத்தைப் பேசிச் சரிசெய்கிற டாக்டரம்மாவாக அவர் சனிக்கிழமைதோறும் மைதானத்துக்கு வர ஆரம்பித்தபோது பெற்றோருக்குப் பயம். வினோதினியின் அப்பா கடலுக்குப் போகிறவர். நேராகவே கேட்டுவிட்டார்.

"என்னாம்மா, எம் பொண்ணுக்கு இன்னா பைத்தியமா?"

"ஒரு தடவ படகு கவுந்தா, மறுநாள் ஏறும்போது கை நடுங்கும்ல? அது பைத்தியமா?"

"நடுங்கும். வெளிய சொல்ல மாட்டோம்."

"அவ சொல்றா. அவ்ளோதான்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். மறுவாரம் பெரிய வஞ்சிரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். மேடம் சைவம். மீன் என் வீட்டுக்கு வந்தது.

வினோதினி நீளம் தாண்டுகிறவள். கணுக்கால் பிசகி, ஆறி, கால் டாக்டர் தாண்டலாம் என்ற பிறகும், ஓடி வந்து மிதித்துத் தாண்டுகிற பலகைக்கு முன்னால் வந்து நின்றுவிடுவாள். "கொஞ்ச நாளைக்கு டேப்ப எடுக்காதீங்க சார், அவ தாண்டட்டும்" என்று மேடம் கோச்சிடம் சொன்னார். மாவட்டப் போட்டி நெருங்கியதால் கோச் கேட்கவில்லை, அளந்தார். மணலில் அவள் விழுந்த தடத்தில் டேப்பின் முனையைப் பிடிப்பது நான். பலகைப் பக்கம் நின்று எண்ணைப் படிப்பது கோச். எண்ணைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போகும். எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் முனையை, எண் கூடி வரட்டும் என்று, தடத்துக்கு நான்கு விரற்கடை அப்பால் தள்ளிப் பிடித்தேன். அவள் சிரித்தாள். பிறகு தினமும் அப்படியே பிடித்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

போட்டியில் அந்த நீளம் வரவில்லை. "எனக்குக் கால்ல ஒண்ணுமில்ல மேடம், மண்டைலதான் கோளாறு. கூட்டத்தப் பாத்தா ஒடம்பு வேல செய்யல. நான் நிறுத்திக்கிறேன்" என்றாள். மேடம் மூன்று வாரம் அவளோடு பேசிப் பார்த்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதிலேயே இருந்தாள். கடைசியில் மேடம் என்னிடம் வந்து, "அய்யா, ப்ராக்டீஸ்ல என்ன வேற மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நான்தாம்மா" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம், "நானும் அவ மனசுக்குள்ளயே தேடிட்டிருந்தேன். டேப்பப் பாக்கவேயில்ல" என்றார். என்னைத் திட்டவில்லை. "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நீங்க சொல்லுங்கம்மா. ஒங்களுக்குப் பேச வரும்."

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைப்பா. நீங்க சொன்னாத்தான் நம்புவா."

சொன்னேன். "அப்ப நான் பயந்துபோய்க் கொறச்சுத் தாண்டலையா?" என்றாள்.

"இல்ல கண்ணு. இங்க வந்ததுதான் அங்கயும் வந்துச்சு."

முகம் ஒரு நிமிஷம் தெளிந்தது. உடனே கோபம் வந்துவிட்டது. "பாவம்னு நெனச்சீங்களா? நானா கேட்டேன்?" என்று கத்திவிட்டுப் போனாள். இரண்டு வாரம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஒரு நல்ல பிள்ளையின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சமாதானம் சொல்லுங்கள் என்று மேடத்தைக் கெஞ்சினேன்.

"அந்தக் கோவம் அவளோடது அய்யா. இருக்கட்டும்" என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கும் அவர் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது சனிக்கிழமை வினோதினி வந்தாள். "முனைய எங்க பிடிக்கிறீங்கன்னு பாப்பேன்" என்றாள். தாண்டி எழுந்து, என் விரல் பக்கத்தில் குந்திப் பார்த்தாள். வந்த எண் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பழையபடி போய் நின்று மறுபடி ஓடி வந்தாள். நின்றுவிடவில்லை. இன்றைக்குக் கீரப்பாளையம் பக்கம் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள்.

அண்ணாமலை நகர் வீட்டில் அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களெல்லாம், நல்ல சாவு, அழாதே என்று சொல்லிப் போனார்கள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாமா, போன வாரம் மேடம் கூப்ட்டாங்க. கிளாஸ்ல இருந்தேன், எடுக்கல. அப்புறமும் கூப்பிடல. வருத்தப்பட்டிருப்பாங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன்.

தலையாட்டினாள். என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். அழாதே என்று நான் சொல்லவில்லை. மேடத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். சாகும்வரை வைத்திருப்பேன்.