மூன்று சிவப்பும் ஒரு பச்சையும்

சோபியாவின் வேலை என்னவென்று மானாம்பதிப் பக்கம் யாருக்கும் விளங்கியதில்லை. "வூட்லயே கம்ப்யூட்டரைப் பாத்துக்கினு கீது, மாசமானா சம்பளம் வந்துடுது" என்பார்கள். அதென்ன அவ்வளவு லேசா? சென்னைக் கம்பெனியில் யாராவது மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால் போதும், அது சரியா என்று கம்ப்யூட்டரே தானாகச் சோதித்துப் பார்க்கும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. சிவப்பு வந்தால் ஏன் என்று தோண்டிப் பார்த்துச் சரிசெய்வது அவள் பொறுப்பு.

தோண்ட யாருக்கு நேரம் இருந்தது? சில சோதனைகள் காரணமே தெரியாமல் ஒருநேரம் தவறும், ஒருநேரம் தேறும். "சும்மா திருப்பி ஓட்டும்மா, வந்துடும்" என்பான் அவளுடைய மேலதிகாரி கார்த்திக். பட்டனை அமுக்கித் திருப்பி ஓட்டினால் பச்சையும் வந்துவிடும். அவளுக்கும் அதுவே கைப்பழக்கமாகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிடும் புருஷன் டேனியலுக்கு இது பெரிய தமாஷ். உத்திரமேரூர் பஜாரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை அவனுக்கு. பம்புசெட் எரிந்துபோனால் சுற்றுவட்டாரமே அவனைத்தான் தேடி வரும். "சோபி, எனுக்கும் அந்த மாதிரி ஒரு பட்டன் வாங்கிக் குடேன். புகைஞ்ச மோட்டாரைத் திருப்பி அமுக்கிட்டு நானும் ஜாலியா குந்திக்கினு இருப்பேன்" என்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

போன மே மாதம் அவனுக்கு ஓயாத தலைவலி. சோபியாவே ஆன்லைனில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினாள். எண்ணோடு பச்சை, சிவப்பு என்று விளக்கும் காட்டுகிற மெஷின். காலையில் அவன் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினாள். சிவப்பு.

"வண்டியைத் தள்ளிக்கினு வந்தே இல்ல, அதான். செத்த நேரம் சும்மா குந்து மாமா."

மறுபடியும் சிவப்பு. "பேசாம இரு, பேசினா ஏறும்." அதற்கும் சிவப்பு. நாலாவது தடவை பச்சை வந்தது.

"பாத்தியா! ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாகப் பட்டையைக் கழற்றினாள். பாவி மகள், முன்னால் வந்த மூன்று சிவப்பு அவள் கணக்கிலேயே இல்லை.

மத்தியானம் கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். மூளையில் ரத்தக்கசிவு. உயிர் தங்கியது, வலது கையும் பேச்சும் போயே போய்விட்டன. "வீட்ல பிரஷர் பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். சோபியா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கடை பூட்டிக் கிடக்கிறது. அவள் வேலையை விடவில்லை, விடவும் முடியாது. ஆனால் இப்போதெல்லாம் எதையும் திருப்பி ஓட்டுவதில்லை. சிவப்பு வந்தால் எல்லோர் வேலையையும் நிறுத்திவைத்துத் தோண்டுகிறாள். "ஏம்மா இப்படிப் பேஜார் பண்றே?" என்று கார்த்திக் சலித்துக்கொள்வான். போன வாரம், வருஷக்கணக்காக விட்டு விட்டுத் தவறிக்கொண்டிருந்த ஒரு சோதனைக்கு அடியில் நிஜமான பிழை ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"அடேயப்பா! அப்போ அது இவ்ளோ நாளா உண்மையத்தான் சொல்லிக்கினு இருந்துச்சா?" என்று போனில் வியந்தான் கார்த்திக்.

"ஆமா" என்றாள். போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நேற்றுச் சாயங்காலம் டேனியலின் இடது கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினாள். சிவப்பு. அவள் முகம் வெளுத்ததை அவன் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்துக்கொண்டே, அந்தக் கையை மெல்ல நீட்டி, அவளுக்காகத் தானே பட்டனை மறுபடி அமுக்கப் போனான்.

சோபியா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. மொதல்ல வந்ததே போதும். சட்டை போட்டு வுடறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

விரலை விடாமலேயே ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.